துறையில் நிற்கும் பரிசல்: கொங்கு நாட்டு ஆறுகளில் உயிர்மீட்பு யார் கையில்?

பவானிசாகரிலிருந்து காட்டுவழியே வரும் பேருந்து மாயாற்றங்கரையோடு நின்றுவிடுகிறது. அக்கரையில் தெங்குமரஹடா. இடையில் பாலம் இல்லை, பரிசல்தான். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் துறையில் நின்றபோது, பரிசல்காரர் ஆட்களை ஏற்றுவதற்கு முன் கரையோரப் பாறையொன்றைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். அந்தப் பாறையில் பாசி படிந்த கோடு ஒன்று இருந்தது. "நேத்தைக்கு ஒரு சாண் ஏறியிருக்குதுங்க. மேக்க மழையாட்ட இருக்குது" என்றார். பிறகு அரிசி மூட்டையை நடுவில் வைத்து, பருமனான ஒருவரை ஒரு பக்கமும் தாயையும் குழந்தையையும் எதிர்ப்பக்கமும் உட்கார வைத்து, செல்பேசியோடு எழப்போன இளைஞனைப் பார்த்து, "கண்ணு, கரை சேர்ற மட்டும் எந்திரிக்கப்படாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார். நீர்மட்டம், எடைப் பங்கீடு, பயணிக்கான எச்சரிக்கை என்று ஒரு படகுப் பாதுகாப்புக் கையேட்டில் பல பக்கங்களுக்கு எழுதப்பட்டிருக்கும் மூன்று செய்திகளும் அந்த இரண்டு நிமிடங்களில் முடிந்துவிட்டன.

கடலோர மாவட்டங்களில் படகு என்றாலும் மீட்பு என்றாலும் உடனே நினைவுக்கு வருவது கடலோரக் காவல் படையும் மீனவர் குப்பங்களும். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் என்று உள்நாட்டில் கிடக்கும் கொங்கு மாவட்டங்களுக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. ஆயினும் இங்கே தண்ணீர் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. காவிரி, பவானி, மாயாறு, அமராவதி, ஆழியாறு, நொய்யல் ஆகிய ஆறுகளும், அவற்றின் மீதான அணைகளும், அவற்றிலிருந்து பிரியும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால்களும் உள்ளன. விடுமுறை நாள்களில் இந்தத் தண்ணீரை நோக்கி வரும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் மூழ்கினால் முதலில் நீரில் இறங்குபவர் யார், அவரிடம் என்ன கருவி இருக்கிறது, அவருக்கு யார் பொறுப்பு என்பனவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

கொங்கு நாட்டு ஆறுகளைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அவை பெரும்பாலும் மனிதன் கையில் இருக்கும் ஆறுகள் என்பது. 1283-ல் வெட்டி முடிக்கப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் காலத்திலிருந்தே இந்த நாடு தண்ணீரைத் தடுத்தும் திருப்பியும் வாழ்ந்து வந்திருக்கிறது. இன்று மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக ஏழு கதவணைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட் மின்சாரம் எடுப்பதற்கானது. பவானியில் மேலே பில்லூர் அணை, நடுவே பவானிசாகர், அதற்குக் கீழே கொடிவேரி. இத்தகைய ஆற்றில் நீர்மட்டம் ஏறுவதற்குக் குளிப்பவன் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. எங்கோ ஓர் அறையில் ஒருவர் மின் உற்பத்தியைத் தொடங்கினாலோ மதகைத் தூக்கினாலோ போதும்.

மேட்டுப்பாளையம் இதற்குத் தக்க சான்று. பில்லூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 100 அடி. 97 அடியை எட்டினால் உபரி நீரைத் திறந்துவிடுவது வழக்கம். அணைக்கு வரும் நீர் நீலகிரியிலும் கேரள மலைகளிலும் பெய்த மழையினால் வருவது. ஆகவே மேட்டுப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு பெருகி வரும். மின் உற்பத்திக்காக விடும் நீரும் அப்படியே. காலையில் முழங்கால் அளவு ஓடிய இடத்தில் பிற்பகலில் நெஞ்சளவு ஓடும். உள்ளூர்க்காரர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் கடிகாரம் போலப் பழகியது. ஊட்டிக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் குடும்பத்துக்கு அது தெரியாது. அவர்கள் நடந்து போன மணல்திட்டு கால் மணி நேரத்தில் காணாமல் போய், இரு புறமும் ஓட்டம் சூழ்ந்துவிடும். இங்கே அடிக்கடி நிகழும் விபத்து இதுதான். நீந்தத் தெரியாமல் ஆழத்துக்குப் போனவர்களின் கதை வேறு. இவர்கள் ஆழத்துக்குப் போகவே இல்லை, ஆழம்தான் இவர்களிடம் வந்தது.

ஓடும் நீரின் வலுவைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கன அடி என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். 'ஆற்றில் 5,000 கன அடி நீர் திறப்பு' என்று செய்தித்தாளில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அது நொடிக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் லிட்டருக்கு மேல். மேலும், நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. காலையில் சிரித்துக்கொண்டு கடந்த அதே இடத்தில் மாலையில் கால் ஊன்ற முடியாமல் போவதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

வாய்க்கால்கள் இன்னொரு வகை ஆபத்து. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்வது. முழு அளவில் 2,300 கன அடி செல்லும். கான்கிரீட் போட்ட பகுதிகளில், பாசி படிந்த சரிவுக் கரையில் விழுந்தவருக்குப் பிடிக்க ஒரு செடியும் கிடைக்காது. படித்துறைக்குப் படித்துறை இருக்கும் இடைவெளியில் நல்ல நீச்சல்காரனும் களைத்துப் போவான். இங்கே படகுப் பயணம் எதுவும் இல்லை என்பதால் யாரும் இதைச் சுற்றுலா ஆபத்தாகக் கருதுவதில்லை. பண்டிகைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் இறங்குவதோ பெரும்பாலும் இங்கேதான்.

மூழ்குபவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? திரைப்படங்களில் காட்டுவது போல மூழ்குபவர் கையை ஆட்டிக் கூவுவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு இழுக்கத்தான் அவருக்கு நேரம் இருக்கும், கத்துவதற்கு இருக்காது. கைகள் தம்மையறியாமல் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிடத்துக்குள், அவர் அடியில் போய்விடலாம். மூச்சு நின்றபின் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்குகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாக அரசின் குற்ற ஆவணப் பதிவுகளே காட்டுகின்றன. அவர்களில் மிகப் பலரின் கதை இந்தச் சில நிமிடங்களுக்குள் முடிந்த ஒன்று.

இனி, மீட்பு என்று சட்டப்படி பொறுப்பேற்றிருப்பது தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. அவர்களுடைய துணிவைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. கொங்கு நாட்டில் நெருப்பை அணைப்பதைக் காட்டிலும் கிணற்றில் விழுந்த ஆட்டையும் மாட்டையும் ஆளையும் தூக்குவதே அவர்களுக்குப் பெரும் வேலையோ என்று தோன்றும் அளவுக்கு அறுபது எழுபது அடிக் கிணறுகளில் கயிறு கட்டி இறங்குகிறார்கள். ஆனால் நிலையம் நகரத்தில் இருக்கிறது. ஆறு நகரத்துக்கு வெளியே ஓடுகிறது. அழைப்பு வந்து, வண்டி புறப்பட்டு, மண்பாதையில் திரும்பி, ரப்பர் படகை இறக்கிக் காற்றடிப்பதற்குள் அந்த ஆறு நிமிடம் பலமுறை கடந்துவிடுகிறது. பெரும் வெள்ளத்துக்கு அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வர வேண்டும் என்றால் அது பல மணி நேரக் கணக்கு. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடியளவு நீர் வந்து பவானி, ஈரோட்டுக் கரையோரங்களில் வீடுகள் மூழ்கியபோது அத்தகைய படைகளுக்கு வேலை இருந்தது. கொடிவேரியில் வழுக்கி விழுந்த ஒருவனுக்கு அவை பயன்படா. ஆகவே நடைமுறையில், அரசு மீட்புக் குழு கரைக்கு வந்து சேரும்போது அது உயிரை மீட்பதாக இல்லாமல் உடலைத் தேடுவதாக மாறியிருக்கிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியை ஆற்றில் போட்டு இழுக்கும் காட்சியை இந்தக் கரைகளில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இந்த இடைவெளியை உணர்ந்துதான், மேட்டுப்பாளையம் பகுதியில் பவானிக் கரையைக் காக்கக் காவல் துறையினரைக் கொண்டே உயிர்காப்புக் குழுவொன்றை அண்மை ஆண்டுகளில் அமைத்தார்கள். கரையிலேயே ஆள் இருப்பது என்ற அந்த எண்ணம் சரியானது. எனினும் ஆற்றின் நீளத்துக்கு எதிரே அது ஒரு சிறு புள்ளி. மற்ற எல்லா இடங்களிலும் கரையில் ஏற்கெனவே இருப்பவர்கள் மீனவர்களும் பரிசல்காரர்களும்தான். ஆள் மூழ்கியதும் ஊரார் ஓடுவதும் அவர்கள் வீட்டுக்குத்தான். சம்பளம் இல்லாத, பதிவேட்டில் பெயர் இல்லாத, எந்தச் சங்கமும் நடத்தாத தன்னார்வ மீட்புப் படை ஒன்று கொங்கு நாட்டு ஆறுகளில் தலைமுறைகளாக இயங்கி வருகிறது. நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படையின் கலம் பரிசல் என்பது தற்செயலானதன்று. மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வாய் அகன்ற கூடையாக வளைத்து, வெளிப்புறம் முற்காலத்தில் மாட்டுத்தோலும் இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும் பூசி மூடுவது பரிசல். ஏழெட்டு அடி விட்டமுள்ள ஒன்றை ஒரே ஆள் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடக்கலாம். அடி தட்டையானது, அரை அடித் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் மோதினால் உடையாமல் வளைந்து நழுவும். இயந்திரப் படகின் விசிறி நொறுங்கிப் போகும் பாறைக்காட்டில் இது தட்டாமாலை சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். நீரில் கிடப்பவரை விளிம்பு தாழ்த்தி ஏற்றுவதற்கும் இதன் தாழ்ந்த வாய் வசதியானது. குறையும் அந்த வடிவத்திலேயே இருக்கிறது. முன் பின் என்று எதுவும் இல்லாததால் நேராகப் போகாது. எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஒருவர் எழுந்து நின்றாலோ கவிழும். திறமை முழுவதும் துடுப்புக்காரரின் தோளிலும், சுழி எங்கே, மடு எங்கே, மணல் அள்ளிய குழி எங்கே என்ற அவருடைய நினைவிலும் இருக்கிறது. ஆற்றின் அடித்தரை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மாறுவதால் அந்த நினைவை அவர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும்.

கொங்கு நாட்டின் படகு விடுமுறைகள் இந்தத் திறமையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவில், அப்பகுதிப் பழங்குடி மக்களே பரிசல் ஓட்டுகிறார்கள். வார இறுதியில் முன்பதிவு செய்து வருவோருக்கு மிதவை உடை மாட்டிவிட்டுப் பரிசலில் ஏற்றி, பிறகு ராகிக் களியோடு சாப்பாடும் போடுகிறார்கள். என் பார்வையில் கொங்கு நாட்டிலேயே ஒழுங்காக நடக்கும் நீர்ச் சுற்றுலா இதுதான். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதும், ஓட்டுபவர் அந்த மண்ணுக்காரராக இருப்பதுமே காரணம். தகடூர்ப் பகுதியையும் கொங்கோடு சேர்த்துச் சொல்வோர் ஒகேனக்கல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை வரும். தடை நீடித்தால் பரிசல்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. பாதுகாப்பும் பிழைப்பும் நேருக்கு நேர் மோதும் இடம் அது. தடை நாள்களுக்கு இழப்பீடு இல்லாதவரை, 'இன்னும் கொஞ்சம் தணிஞ்சுட்டா ஓட்டலாமுங்' என்ற ஆசை எந்த ஓட்டிக்கும் எழத்தான் செய்யும்.

பூலாம்பட்டி வேறு மாதிரி. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையில் தேங்கிய காவிரி ஏரி போல விரிந்து கிடக்க, சேலம் மாவட்டக் கரையிலிருந்து ஈரோடு மாவட்டக் கரைக்கு விசைப்படகு போகிறது. பள்ளிப் பிள்ளைகளும் இருசக்கர வண்டிகளும் ஏறும் அன்றாடப் போக்குவரத்து அது. 'குட்டிக் கேரளா' என்று பெயர் பரவியபின் அதே படகில் சுற்றுலாக் கூட்டமும் ஏறுகிறது. கதவணையைப் பராமரிப்புக்குத் திறந்தால் படகு நிற்கும். ஊர்கள் இரண்டும் சுற்றுவழிக்குத் திரும்பும்.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் ஒரு செய்தி விளங்கும். அங்கே 1824-ல் வில்லியம் ஹில்லரி என்பவரின் முயற்சியால் தோன்றிய அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம், இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்களாலும் நன்கொடையாலும் இயங்குகிறது. (அன்றைய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகை ஏரியை அமைத்ததும் அதே ஆண்டுதான் என்பார்கள், படகு விட ஒரு ஏரி நமக்குக் கிடைத்தது, மீட்க ஒரு படகு கிடைக்கவில்லை.) கடலுக்காகவே பிறந்த அந்த நிறுவனம் உள்நாட்டு நீருக்கு வர ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின. 1989 ஆகஸ்ட் 20 அன்று லண்டனில் தேம்ஸ் ஆற்றில் 'மார்ஷியனெஸ்' என்ற உல்லாசப் படகை மணல் அள்ளும் கப்பல் ஒன்று மோதி 51 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த விசாரணைகளின் விளைவாக 2002 ஜனவரியில் தேம்ஸில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே வட அயர்லாந்தின் எர்ன் ஏரியில் அதன் முதல் உள்நாட்டு நிலையம் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் கால்வாய்களில் குறுகிய வீட்டுப் படகை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு போவது பிரபலமான விடுமுறை, உரிமம்கூடத் தேவையில்லை. மணிக்கு 4 மைல் வேகம், பல இடங்களில் எழுந்து நின்றாலே தலை வெளியே தெரியும் ஆழம் என்பதால் அது பெரும்பாலும் ஆபத்தற்றது. நம் ஆறுகளுக்கு அந்தக் கால்வாய்கள் உவமையாகா. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிறுவனத்தின் அடிப்படை விதி ஒன்றைத்தான்: தன்னார்வலர் நிலையத்துக்குச் சில நிமிடத் தொலைவில் வாழ்பவராகவோ வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும். அந்த நிபந்தனையை நம் பரிசல்காரர்கள் பிறப்பிலேயே நிறைவு செய்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதவை பயிற்சி, கருவி, காப்பீடு, தகவல் ஆகியவையே.

நம்முடைய பெரும் படகு விபத்துகளில் காரணங்கள் மாறுவதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர், 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் 22 பேர், 2023 மே மாதம் தானூரில் 22 பேர் என்று நீளும் பட்டியலில் அளவுக்கு மீறிய கூட்டமோ, எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்ததோ, மிதவை உடை இல்லாததோ திரும்பத் திரும்ப வருகின்றன. 1917-ன் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரம் இல்லாத கலங்களையும் உள்ளாட்சி அளவில் பதிவு செய்ய இடம் தருகிறது. பரிசலுக்கு ஓர் எண் கிடைக்கும் வழி அது. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் வாங்குவதோடு நிறுத்தாமல், அந்தப் பதிவேட்டையே மீட்பாளர் பட்டியலாகவும் ஆக்கினால், மதகு திறப்பதற்கு முன் யாருக்குச் செல்பேசியில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். இப்போது தண்டோராவும் ஒலிபெருக்கியும் தாழ்வான பகுதி மக்களுக்குச் சொல்கின்றன. நடு ஆற்றுப் பாறையில் இருப்பவனுக்குச் சொல்ல முடிந்தவர் துறையில் இருப்பவர்தான்.

கருவி என்றால் விலை உயர்ந்தவற்றைச் சொல்லவில்லை. கொங்குப் பிள்ளைகள் சுரைக்குடுக்கையையும் லாரி டியூபையும் இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். மிதப்பது எது என்று நமக்குத் தெரியும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, கரையில் இருந்த மூன்று பெண்கள் தம் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது. மூழ்குபவரை நெருங்கி அணைத்துத் தூக்கப் போவோர் அவரோடு சேர்ந்து மூழ்குவதும், எட்டி எதையாவது நீட்டுவோரும் வீசுவோரும் இருவரையும் காப்பதும் மீட்புக் கலையின் முதல் பாடம். அதை அவர்கள் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. ஒவ்வொரு துறையிலும் மரத்தடியில் ஒரு மிதவை வளையமும் முப்பது மீட்டர் கயிறும் தொங்கினால், சேலையின் நீளத்துக்கு அப்பாலும் கை எட்டும்.

கரை சேர்த்த பின்னர்தான் நம்மிடம் தவறான பழக்கங்கள் மிகுதி. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது ஆகியவை நேரத்தை வீணாக்குவதோடு, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போகவும் வழி செய்கின்றன. மூச்சில்லாதவரை மல்லாக்கக் கிடத்தி, முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதி, அதன்பின் நடுமார்பில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும் வரை தொடர வேண்டும். இதயம் திடீரென நின்றவருக்கு நெஞ்சழுத்தம் முதலில். மூழ்கியவருக்குக் காற்று முதலில். இந்த ஒரு வேறுபாட்டைத் துறைக்கு ஒருவர் கற்றிருந்தால் போதும்.

ஆனால் மீட்பவர் இழப்பதைப் பற்றிப் பேசாமல் பயிற்சி முகாம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவருக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அவரைச் சாட்சியாகும்படி வற்புறுத்தக் கூடாது. ஊக்கத்தொகையும் உண்டு. அதே பாதுகாப்பு ஆற்றில் இறங்கியவருக்கு எழுத்தில் இல்லை. ஜீவன் ரக்ஷா பதக்கமும் அண்ணா பதக்கமும் ஆண்டுக்கு ஒரு சிலருக்குக் கிடைக்கின்றன. மற்றவர்களுக்குக் கிடைப்பது காவல் நிலையத்தில் காத்திருக்கும் நாள். மாயாற்றுத் துறையில் நான் சந்தித்த அந்தப் பரிசல்காரர், ஓர் உடலை எடுத்துக் கொடுத்ததற்காக இரண்டு நாள் ஓட்டம் போயிற்று என்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். "அதுக்காவ போகாம இருக்க முடியுங்களா? கூப்புட்டா போகோணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது அவர் பரிசலைக் கரையேற்றி மணலில் கவிழ்த்துவிட்டுத் துடுப்பை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். துடுப்பை விட்டுவிட்டுப் போனால், குடித்துவிட்டு வருகிறவர்கள் யாராவது பரிசலை நீரில் இறக்கிவிடுவார்களாம். இரவில் ஆற்றில் யாருக்காவது ஏதேனும் நேர்ந்தால், முதலில் அந்தத் துடுப்பைத் தேடி அவர் வீட்டுக்குத்தான் ஓட வேண்டும்.